எந்த வகை, யாருக்கு அனுமதி: டேபிள் போடும்போதே சேர்த்து எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகள்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஊழியர் விவரங்களுக்கு ஒரு டேபிள் போட்டோம். ஐடி, பெயர், துறை, சேர்ந்த தேதி. அதற்கு மேல் வருவதையெல்லாம் அள்ளிப் போட 'கூடுதல் விவரம்' என்று ஒரு ஜேசன் (சாவியும் மதிப்புமாக எதையும் போட்டு வைக்கும் வகை) நெடுவரிசை. அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. புதிதாக ஒரு விவரம் கேட்டால் டேபிளைத் தொட வேண்டாம், ஜேசனுக்குள் ஒரு சாவியைச் சேர்த்தால் போதும். ஆறு மாதம் கழித்து அறிக்கை எடுக்கும் குழு வந்தது. "எங்களுக்குப் பெயர், துறை, ரத்த வகை வேண்டும். சம்பளம் எங்கள் கண்ணில் படக் கூடாதாம், அதை மட்டும் மறைத்துவிடுங்கள்" என்றார்கள். ரத்த வகையும் சம்பளமும் ஒரே ஜேசனுக்குள் குடியிருந்தன. நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் டேபிளுக்கு அனுமதி கொடுக்கலாம், நெடுவரிசைக்கு அனுமதி கொடுக்கலாம். ஜேசனுக்குள் இருக்கும் ஒரு சாவிக்கு மட்டும் அனுமதி கொடுக்க கிராண்ட் கட்டளையில் வழியே கிடையாது.

அதற்கு அப்புறம் தரவு வகையையும் அனுமதியையும் நான் தனித்தனியாக யோசிப்பதில்லை. வழக்கமாக நடப்பது என்னவென்றால், தரவு வகை முதல் வாரமே முடிவாகிவிடும். அனுமதி பற்றிப் பேச்சு வருவது புரொடக்‌ஷனுக்குப் போவதற்கு முந்தின நாள். ஆனால் இரண்டும் பார்ப்பது ஒரே வேலை. அப்ளிகேஷன் கோட் எவ்வளவு தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் சரி, இன்னது உள்ளே வராது, இன்னாரால் இதைத் தொட முடியாது என்று டேட்டாபேஸே நின்று தடுப்பது. ஒன்றில் தளர விட்டால் மற்றதில் மாட்டிக்கொள்வோம். அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வொரு தேர்வையும் ஒப்பிடுகிறேன். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும். தேவைப்படும் இடத்தில் எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், எஸ்கியூலைட்.

எண்கள்: இங்கே அதிகம் யோசிக்க வேண்டாம்

முதன்மைச் சாவிக்கு (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) இன்டிஜரா பிக்இன்டா? இன்டிஜர் 4 பைட், அதன் மேல் எல்லை 2147483647. பிக்இன்ட் 8 பைட், எல்லை 9223372036854775807. பிக்இன்ட் போடுங்கள், விஷயம் முடிந்தது. 10 கோடி வரிசை வந்தாலும் அந்த நெடுவரிசையில் கூடுதலாகப் போவது 40 கோடி பைட், இன்றைய டிஸ்க்கில் அது ஒரு பொருட்டில்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இன்டிஜரில் ஆரம்பித்தால், போஸ்ட்கிரெஸ் அந்த மாற்றத்துக்கு முழு டேபிளையும் திரும்ப எழுதும். எழுதி முடிக்கும்வரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாதபடி பூட்டி வைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. எண் தானாக ஏறும்போது, தோற்றுப்போன இன்செர்ட்டும் (புது வரிசை சேர்க்கும் கட்டளை) ஒரு எண்ணைத் தின்றுவிடும். ரோல்பேக் செய்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாலும் அந்த எண் திரும்ப வராது. அதனால் வரிசைகள் 200 கோடியை நெருங்காமலேயே எண் தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு.

அந்த எண்ணைத் தானாக ஏற்ற போஸ்ட்கிரெஸில் இரண்டு வழி: பழைய சீரியல், 10-ஆம் பதிப்பில் (2017) வந்த ஐடென்டிட்டி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் அனுமதியில் தெரியும். சீரியல் போட்ட டேபிளில் ஒரு ரோலுக்கு (அனுமதிகளைச் சுமக்கும் யூசர் அல்லது குழு) இன்செர்ட் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு முயன்று பாருங்கள், 'பர்மிஷன் டினைட் ஃபார் சீக்வன்ஸ்' என்று திருப்பி அனுப்பும். ஏனென்றால் சீரியலுக்குப் பின்னால் இருந்து எண்களை வழங்கும் சீக்வன்ஸ் தனி ஆள். அதற்கும் யூசேஜ் அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். ஐடென்டிட்டியில் இந்தத் தொல்லை இல்லை, டேபிளுக்கு இன்செர்ட் கொடுத்தால் போதும். புதிதாகப் போடும் டேபிளில் சீரியலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

சாவிக்கு யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் ஒன்றோடொன்று மோதாத நீண்ட அடையாள எண்) வைக்கலாமா என்றும் கேட்பார்கள். பல சர்வர்கள் தனித்தனியாக எண் உருவாக்க வேண்டியிருந்தால் வைக்கலாம். வைத்தால் 16 பைட் யூயூஐடி வகையாகவே வையுங்கள், 36 எழுத்துச் சரமாக வேண்டாம். முழுக்க ராண்டமாக வரும் 4-ஆம் வகையைவிட, முன்பகுதியில் நேரத்தைச் சுமந்து வரும் 7-ஆம் வகை, வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸுக்கு இதமானது. வரிசைகளையே முதன்மைச் சாவியின் ஒழுங்கில் அடுக்கி வைக்கும் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் "யாரும் யூகிக்க முடியாது, அதனால் பாதுகாப்பு" என்ற காரணத்துக்காக மட்டும் அதை எடுக்காதீர்கள். 1041-ஐ 1042 ஆக்கினால் அடுத்தவர் விவரம் தெரிகிறது என்றால் கோளாறு எண்ணில் இல்லை, அனுமதியில் இருக்கிறது.

பணத் தொகைக்கு ஃப்ளோட் வேண்டாம். 0.1-ஐ டபுள் வகையில் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். 4 பைட் ஃப்ளோட் இன்னும் மோசம்: 16777217 என்று போட்டால் 16777216 என்று வைத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். நியூமெரிக் அல்லது டெசிமல் போட்டால் கணக்கு துல்லியமாக நிற்கும், வேகம் சற்றுக் குறையும். போஸ்ட்கிரெஸில் மணி (money) என்றே ஒரு வகை இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சர்வரின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் தசம இடங்களை முடிவு செய்கிறது. அமைப்பு வேறான இன்னொரு சர்வரில் டம்ப்பை (டேட்டாபேஸின் நகல் கோப்பு) ஏற்றினால் தொகை தாறுமாறாகலாம். வெப்பநிலை, தூரம், சென்சார் அளவீடு போன்றவற்றுக்கு ஃப்ளோட் தாராளமாகப் போடலாம்.

எழுத்து: தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும்

'தமிழ்ச்செல்வி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஏழு எழுத்து: த, மி, ழ், ச், செ, ல், வி. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு. ஆக கம்ப்யூட்டர் எண்ணும்போது 13. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், மொத்தம் 39 பைட். ஒரே பெயர், மூன்று நீளம். வார்கேர் 10 (நீளம் 10-ஐத் தாண்டாத எழுத்து வகை) என்று எழுதும்போது அந்தப் 10 இதில் எது?

பதில் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் வேறு. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் குறியீடுகளை எண்ணும். அதனால் ஏழெழுத்துப் பெயரான 'தமிழ்ச்செல்வி' வார்கேர் 10-க்குள் நுழையாது. போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லி நிறுத்தும். மைஎஸ்கியூஎல்லும் 5.7-ஆம் பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் முறை இயல்பாகவே இருப்பதால் நிறுத்தும். ஸ்ட்ரிக்ட் முறையை யாராவது அணைத்து வைத்திருந்தால், பத்துக் குறியீட்டோடு வெட்டி 'தமிழ்ச்செல' என்று சேமித்துவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். ஆரக்கிளின் வார்கேர்2, யாரும் அமைப்பை மாற்றாதவரை, பைட்டைத்தான் எண்ணும். அங்கே 20 என்று போட்டால் உள்ளே போவது ஆறே தமிழ்க் குறியீடு. அளவுக்குப் பின்னால் கேர் என்று சேர்த்து எழுதினால்தான் குறியீட்டு எண்ணிக்கைக்கு மாறும். எஸ்கியூஎல் சர்வரின் கதை வேறு. சாதாரண வார்கேரில், யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைக் கையாளும் விதிகளின் அமைப்பு) இல்லாமல், தமிழ்ப் பெயரைப் போட்டால் 13 கேள்விக்குறிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். என்வார்கேர் போட வேண்டும். மேற்கோளுக்கு முன்னால் என் (N) என்ற எழுத்தையும் மறக்கக் கூடாது. நெடுவரிசை சரியாக இருந்தும் அந்த ஒற்றை எழுத்தை விட்டதால் கேள்விக்குறியாகப் போன பெயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போன பெயர் போனதுதான், கேள்விக்குறியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

மைஎஸ்கியூஎல்லில் இன்னொரு பழைய பொறி. யூடிஎஃப்8 என்ற பெயரில் அங்கே நெடுங்காலமாக இருந்தது ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நன்றாக ஓடும். யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஈமோஜி போடும்போதுதான் உடையும். யூடிஎஃப்8எம்பி4 என்பதே முழுமையான வகை, 8.0-இல் அதுவே இயல்பாகிவிட்டது.

சரி, கேரா, வார்கேரா, டெக்ஸ்டா? போஸ்ட்கிரெஸில் வார்கேருக்கும் டெக்ஸ்ட்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. நான் டெக்ஸ்ட் போட்டு, உண்மையிலேயே நீள எல்லை தேவைப்படும் இடத்தில் செக் நிபந்தனை (பொருந்தாத மதிப்பை மறுக்கும் விதி) வைப்பேன். மைஎஸ்கியூஎல்லில் டெக்ஸ்ட் நெடுவரிசையை இன்டெக்ஸ் செய்ய முன்பகுதி நீளம் சொல்லியாக வேண்டும் என்பதால் அங்கே வார்கேர்தான் வசதி. கேர் வகை மீதியை வெற்றிடத்தால் நிரப்பும். அதற்கு எனக்கு வேலை வந்ததே இல்லை. தொலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் பெயரில்தான் எண், அவற்றை யாரும் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எழுத்தாகவே வையுங்கள், முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் பிழைத்துக்கொள்ளும்.

'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பைட்டில் வேறு. தேடினால் கிடைக்காத பெயர்களில் சிலவற்றுக்கு இதுதான் காரணம். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, உள்ளே விடும்போதே ஒரே வடிவமாக்கிவிடலாம்.

எனமா, தனி டேபிளா?

'புதிது', 'நடப்பில்', 'முடிந்தது' மாதிரி நான்கைந்து மதிப்புகள் மட்டும் வரக்கூடிய நெடுவரிசை எல்லா டேபிளிலும் ஒன்றாவது இருக்கும். அதற்கு எனம் வகை கைக்கு அடக்கமானது. (உச்சரிப்பை நம்பி எழுதினால் 'ஈனம்' என்று வந்துவிடுகிறது, அவ்வளவு மோசமான வகையும் இல்லை என்பதால் எனம் என்றே எழுதுகிறேன்.) இடம் மிகக் குறைவு: மைஎஸ்கியூஎல்லில் 1 அல்லது 2 பைட், போஸ்ட்கிரெஸில் 4 பைட். தப்பான மதிப்பு உள்ளே வராது. வரிசைப்படுத்தினால் அகர வரிசையில் வராது, நீங்கள் அறிவித்த வரிசையில் வரும். சில சமயம் அதுதான் வேண்டும், சில சமயம் அதுவே குழப்பம்.

இதற்கு மாற்று, 'நிலை' என்று ஒரு சிறிய டேபிள் வைத்து அதை ஃபாரின் கீயால் (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசை) இணைப்பது. எழுத அதிக வேலை, படிக்கும்போது ஒரு ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் படிப்பது) கூடுதல். வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எனம் ஜெயிக்கும். ஆனால் நான் கேட்கும் கேள்வி வேறு: நாளைக்கு 'நிறுத்திவைப்பு' என்று புதிதாக ஒரு நிலை வேண்டும், அதை யார் சேர்ப்பது?

தனி டேபிள் என்றால் ஒரு இன்செர்ட். அந்தச் சின்ன டேபிளுக்கு மட்டும் இன்செர்ட் அனுமதி உள்ள ஒரு ரோல் இருந்தால், நிர்வாகத் திரையிலிருந்தே ஒருவர் சேர்த்துவிடுவார். எனம் என்றால் அது டேபிளின் அமைப்பையே மாற்றும் வேலை. போஸ்ட்கிரெஸில் அந்த வகையின் உரிமையாளர்தான் செய்ய முடியும். மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் அனுமதி வேண்டும். ஆல்டர் கையில் இருப்பவர் புதிய நிலையைச் சேர்ப்பதோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதே அனுமதியில் ஒரு நெடுவரிசையைத் தூக்கவும் முடியும். நிலை சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று அப்ளிகேஷன் யூசருக்கு ஆல்டர் கொடுத்துவிட்டு, பிறகு எடுக்க மறந்த டேட்டாபேஸ்கள் எத்தனையோ. நீக்குவது இன்னும் கஷ்டம். போஸ்ட்கிரெஸ் எனத்தில் மதிப்பைச் சேர்க்கலாம், 10-ஆம் பதிப்பிலிருந்து பெயர் மாற்றலாம், எடுக்க மட்டும் முடியாது. புது வகை உருவாக்கி நெடுவரிசையை அதற்கு மாற்ற வேண்டும். தனி டேபிளில் 'இனி பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு கொடி வைத்தால் முடிந்தது.

அதனால் என் கணக்கு இது. மதிப்புகளை மாற்றுவது டெவலப்பர் மட்டுமே என்றால் எனம், அல்லது வார்கேரோடு ஒரு செக் நிபந்தனை. அலுவலகத்தில் இருப்பவர் மாற்றுவார் என்றால் தனி டேபிள். செக் நிபந்தனையை நம்புகிறவர்கள் பழைய மைஎஸ்கியூஎல்லில் கவனமாக இருக்க வேண்டும்: 8.0.16-க்கு முன்னால் அது செக்கைப் படித்துத் தலையாட்டிவிட்டு அப்படியே புறக்கணித்துவிடும்.

தேதி, நேரம்: வேகமாக

போஸ்ட்கிரெஸில் டைம்ஸ்டாம்ப்டிஇசட். நேர மண்டலத்தைச் சேமிக்காது, உள்ளே வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்து, படிப்பவரின் மண்டலத்தில் காட்டும். மண்டலம் இல்லாத வகைக்கும் இதற்கும் அளவு ஒன்றுதான், 8 பைட். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 1970-இல் தொடங்கி 2038 ஜனவரி 19 அன்று நின்றுவிடும். அதில் பிறந்த தேதி வைத்தால் 1970-க்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. பிறந்த தேதிக்கு டேட், எதிர்கால நேரங்களுக்கு டேட்டைம். ஆரக்கிளின் டேட் வகைக்குள் விநாடி வரை நேரமும் ஒளிந்திருக்கும் என்பதையும், எஸ்கியூஎல் சர்வரில் டைம்ஸ்டாம்ப் என்ற பெயருள்ள வகைக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் ஓரிரு நாள் மிச்சமாகும்.

எத்தனை யூசர்?

அனுமதி கொடுக்கும் கிராண்ட், அதைத் திரும்பப் பெறும் ரிவோக் என்ற இரண்டு சொற்களும் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆராய்ச்சியில் 1970-களிலேயே வந்துவிட்டன. அரை நூற்றாண்டு ஆகிறது. இன்னமும் பல இடங்களில் ஒரே யூசர், எல்லா அனுமதியும், அந்தப் பாஸ்வேர்டு நான்கு பேர் லேப்டாப்பில்.

ஒரே யூசரா, பல ரோல்களா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. குறைந்தது மூன்று வையுங்கள். டேபிளை உருவாக்கும், மாற்றும் ஒன்று. அப்ளிகேஷன் ஓடும்போது பயன்படுத்த, செலக்ட், இன்செர்ட், அப்டேட், தேவைப்பட்டால் டெலீட் மட்டும் உள்ள ஒன்று. அறிக்கைக்குப் படிக்க மட்டும் ஒன்று. தேடல் பெட்டி வழியாக எவராவது தன் கட்டளையை உள்ளே நுழைத்து எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் செய்தாலும், ஓடும் யூசருக்கு டேபிளையே அழிக்கும் ட்ராப் அனுமதி இல்லையென்றால் டேபிள் தப்பிக்கும். தரவு கசியலாம், அது வேறு கதை; ஆனால் டேபிள் இருக்கும்.

போஸ்ட்கிரெஸில் இந்தப் பிரிப்பை அரைகுறையாகச் செய்தால் பயனில்லை. டேபிளை உருவாக்கியவரே அதன் உரிமையாளர். உரிமையாளருக்கு ட்ராப், ஆல்டர் இரண்டும் கூடவே பிறந்தவை. ரிவோக் போட்டுப் பறிக்க முடியாது. ஆகவே மைக்ரேஷனையும் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) அப்ளிகேஷனையும் ஒரே யூசரில் ஓட்டிவிட்டு, அப்புறம் அந்த யூசரிடமிருந்து அனுமதிகளை ஒவ்வொன்றாக ரிவோக் செய்துகொண்டிருப்பது வெறும் சடங்கு.

அடுத்த பொறியில் நானே விழுந்திருக்கிறேன். ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பு) உள்ள எல்லா டேபிளுக்கும் அறிக்கை ரோலுக்குச் செலக்ட் என்று ஒரு கட்டளை கொடுத்தோம், வேலை செய்தது. இரண்டு வாரத்தில் புது டேபிள் ஒன்று வந்தது, அறிக்கை உடைந்தது. 'எல்லா டேபிளும்' என்றால் கட்டளை ஓடிய நிமிடத்தில் இருந்த டேபிள்கள் மட்டுமே. இனி வரப்போவதற்கு ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் என்ற தனிக் கட்டளை. அதுவும் எந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கு என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் என் பெயரில் ஓட்டினேன், டேபிளை உருவாக்கியது மைக்ரேஷன் ரோல். இரண்டாவது முறையும் உடைந்தது. எந்த டேபிளையும் மறைக்கத் தேவையில்லை என்றால் 14-ஆம் பதிப்பில் வந்த பிஜி ரீட் ஆல் டேட்டா என்ற ரோலைச் சேர்த்துவிட்டுப் போய்விடலாம்.

மைஎஸ்கியூஎல்லில் ரோல் வசதி 8.0-இல்தான் வந்தது. ரோலைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்: கொடுத்த ரோல் லாகின் ஆகும்போது தானாக விழிக்காது, டிஃபால்ட் ரோலாகவும் குறிக்க வேண்டும். அங்கே யூசர் என்பது பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரே பெயர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வந்தால் ஓர் ஆள், வேறு சர்வரிலிருந்து வந்தால் வேறு ஆள். இருவருக்கும் அனுமதி தனித்தனி. எஸ்கியூலைட்டில் இந்தப் பேச்சே கிடையாது. கிராண்டும் இல்லை, யூசரும் இல்லை. கோப்பைத் திறக்க முடிந்தவர் எல்லாவற்றையும் செய்யலாம். தரவு வகையிலும் அது தாராளம்தான்: ஸ்ட்ரிக்ட் என்று சொல்லாத டேபிளில் எண் நெடுவரிசைக்குள் 'வணக்கம்' என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். ஒரே அப்ளிகேஷன், ஒரே சாதனம் என்றால் அந்தத் தாராளம் பொருந்தும். இரண்டாவது ஆள் வந்ததும் வேறு பார்க்க வேண்டும்.

மறைப்பது எப்படி: நான்கு வழி

இனி அந்தச் சம்பளத்துக்கு வருவோம். ஊழியர் டேபிளில் சம்பளம் ஒரு தனி நெடுவரிசையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கைக் குழுவுக்குத் தெரியக் கூடாது. என்ன செய்யலாம்?

முதல் வழி, நெடுவரிசை அனுமதி. 'கிராண்ட் செலக்ட் (பெயர், துறை) ஆன் ஊழியர் டு அறிக்கை' என்று ஒரே வரி. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் இந்த வசதி உண்டு. குறை என்னவென்றால், செலக்ட் ஸ்டார் (எல்லா நெடுவரிசையையும் கொடு) என்று எழுதிய ஒவ்வொரு குவெரியும் அனுமதி மறுப்பில் விழும். அறிக்கைக் கருவிகள் பலவும் முதலில் கேட்பதே செலக்ட் ஸ்டார்தான். இன்னொரு குறை சற்று ஆபத்தானது. போஸ்ட்கிரெஸில் முழு டேபிளுக்கும் செலக்ட் கொடுத்துவிட்டு, சம்பளத்தை மட்டும் ரிவோக் செய்தால் கட்டளை பிழை காட்டாமல் ஓடும், சம்பளமும் முன்போலவே தெரியும். டேபிள் அளவில் கொடுத்ததை நெடுவரிசை அளவில் கழிக்க முடியாது. அனுமதிகள் அங்கே கூட்டல் மட்டுமே அறிந்தவை. எஸ்கியூஎல் சர்வரில் டினை என்று தனிக் கட்டளை இருப்பதால் அந்த நெடுவரிசையை மட்டும் மறுக்கலாம். "எல்லாம் கொடு, இது மட்டும் வேண்டாம்" என்று அடிக்கடி சொல்ல வேண்டிய சூழலில் எஸ்கியூஎல் சர்வர் மற்றவற்றைவிட வசதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, வியூ: டேபிள் போலவே படிக்கக்கூடிய, பெயர் வைத்துச் சேமித்த குவெரி. சம்பளம் இல்லாத ஒரு வியூ போட்டு அதற்கு மட்டும் அனுமதி; அடியில் உள்ள டேபிளுக்கு எதுவும் கிடையாது. செலக்ட் ஸ்டார் வேலை செய்யும். பின்னால் நெடுவரிசையின் பெயரோ வகையோ மாறினாலும் வியூவில் பழைய முகத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம், நியூமெரிக்கை எழுத்தாக வடிவமைத்தும் கொடுக்கலாம். வியூ தன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதால்தான் இது சாத்தியம். அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் வியூவை உருவாக்கியவரின் பெயர் டிஃபைனராக அதனுள் பதிந்துவிடும். அவர் வேலையை விட்டுப் போனதும் யாரோ ஒழுங்காக அவர் யூசரை நீக்குவார்கள். மறுநாள் காலை எல்லா அறிக்கையும் விழுந்து கிடக்கும். வியூவை ஆட்கள் பெயரில் உருவாக்காமல் ஒரு பொது யூசரில் உருவாக்குங்கள்.

மூன்றாவது, வரிசை அளவிலான அனுமதி. ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் துறை ஆட்களை மட்டும் பார்க்க வேண்டும் என்பது போன்ற தேவைக்கு இது. போஸ்ட்கிரெஸ் 9.5-இலிருந்து உண்டு, எஸ்கியூஎல் சர்வர் 2016-இலிருந்து உண்டு, ஆரக்கிளில் அதற்கும் முன்பே. மைஎஸ்கியூஎல்லில் இல்லை, வியூவை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பல வாடிக்கையாளர்களின் தரவு ஒரே டேபிளில் இருக்கும் அப்ளிகேஷன் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்வேன். ஆனால் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டேபிளின் உரிமையாளருக்கு அந்த விதி பொருந்தாது, ஃபோர்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் பொருந்தும். சூப்பர்யூசருக்கு அப்போதும் பொருந்தாது. அப்ளிகேஷன் உரிமையாளராக ஓடினால் விதி இருந்தும் இல்லாத மாதிரிதான். அடுத்தது, திறந்த இணைப்புகளைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல். 'இப்போதைய வாடிக்கையாளர் இவர்' என்று செஷனில் வைத்த மதிப்பு, அதே கனெக்‌ஷனை அடுத்து எடுப்பவருக்கும் ஒட்டிக்கொண்டு வரும். செட் லோக்கல் போட்டால் டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் அழிந்துவிடும்.

நான்காவது வழியை யாரும் அனுமதி என்று அழைப்பதில்லை: சம்பளத்தையே தனி டேபிளுக்குக் கொண்டுபோவது. ஊழியர் ஐடி, தொகை, எப்போதிலிருந்து. படிக்க ஒரு ஜாயின் கூடும், அவ்வளவுதான். பதிலுக்கு, எந்த டேட்டாபேஸானாலும் டேபிள் அளவிலான சாதாரண கிராண்ட் போதும். செலக்ட் ஸ்டார் உடையாது, உரிமையாளர் குழப்பம் குறையும், சம்பள உயர்வின் வரலாறும் கிடைக்கும். ரகசியமான விவரம் ஒன்றோ இரண்டோ என்றால் நான் எடுப்பது இதைத்தான். பத்துப் பன்னிரண்டு அறிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நெடுவரிசைகள் என்றால் வியூ. யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்பதே கேள்வி என்றால் மூன்றாவது வழி. நெடுவரிசை அனுமதியைப் படிப்பதற்கு நான் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. அப்டேட்டுக்கு அது அருமையானது: 'நிலை' நெடுவரிசையை மட்டும் மாற்றலாம், மற்றதைத் தொட முடியாது என்று ஒரு ரோலுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் எந்த வரிசை என்று சொல்லும் வேர் (where) நிபந்தனையில் வரும் நெடுவரிசைகளுக்குச் செலக்டும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அப்டேட் நகராது.

ஜேசன் கூடாது என்று இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. வெளியிலிருந்து வரும் மூலத் தகவலை வந்தபடியே வைக்க, ஒருவருக்கு ஒன்றும் அடுத்தவருக்கு வேறொன்றுமாக மாறும் விருப்பத் தேர்வுகளை வைக்க போஸ்ட்கிரெஸின் ஜேசன் வகைகளில் ஒன்றான ஜேசன்பி நல்ல இடம். முழுவதையும் காட்டலாம், அல்லது முழுவதையும் மறைக்கலாம் என்ற விவரங்கள் மட்டும் அதற்குள் போகட்டும். ஒரு பாதியை மட்டும் மறைக்க வேண்டிவரும் என்று லேசாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பாதி தனி நெடுவரிசையாகவோ தனி டேபிளாகவோ வெளியே வந்துவிட வேண்டும்.

எங்கள் டேபிளில் கடைசியில் செய்தது அதைத்தான். சம்பளத்தை நியூமெரிக் வகையில் தனி டேபிளுக்கு மாற்றினோம், ஜேசனிலிருந்து அந்தச் சாவியை எடுத்தோம். மாற்றும்போது தெரிந்தது: முப்பதுக்கும் மேற்பட்ட வரிசைகளில் சம்பளம் எழுத்தாக இருந்தது, சிலவற்றில் நடுவில் காற்புள்ளியோடு, ஒன்றில் 'பிறகு சொல்கிறேன்' என்று. ஜேசன் இதில் எதையும் தடுக்கவில்லை. முடித்ததும் செட் ரோல் போட்டு நானே அறிக்கை ரோலாக மாறி, சம்பள டேபிளைப் படிக்க முயன்றேன். 'பர்மிஷன் டினைட்' என்று வந்தது. ஊழியர் டேபிளைப் படித்தேன், வந்தது. அறிக்கைக் குழுவிடம் சொல்லிவிட்டோம். பழைய பேக்கப்களில் மட்டும் சம்பளம் இன்னமும் ஜேசனுக்குள்ளேயே இருக்கிறது.